புதுமையா, ஜிகினாவா? - ஒரு ஜப்பான் கம்பெனியின் வரவு செலவு

புதுச் சரக்கு ஒன்று சந்தைக்கு வருகிறது. அட்டைப் பெட்டி கண்ணைப் பறிக்கிறது. ஆர்டர் எடுக்க வரும் விற்பனைப் பிரதிநிதி, “இந்த மாதிரி இதுவரை யாரும் போட்டதில்லை, அண்ணாச்சி” என்கிறார். முதல் பெட்டி எப்படியும் விற்றுவிடும். புதுசு என்றால் வாங்கிப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டாவது பெட்டி நகருமா, நம் முதல் அதில் முடங்குமா என்பதுதான் கேள்வி. பழுதான சரக்கில் பணம் விட்டவர்களைக் காட்டிலும், பழுதே இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்துவிட்ட புதுச் சரக்கில் பணம் விட்டவர்கள் அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வியை ஒரு கம்பெனியை வைத்துப் பார்க்கலாம். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் உள்ள நிண்டெண்டோ, வீடியோ கேம் பெட்டி செய்கிற கம்பெனி. மளிகைக்காரர் பத்திரிகையில் வீடியோ கேம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். தொண்ணூறுகளில் நம்மூர் ஃபேன்ஸி கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பலவும் இந்தக் கம்பெனியின் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்களே. ஆக, நம்மவர்களுக்கும் இது முற்றிலும் அந்நியச் சரக்கு அல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கம்பெனி போடுவதெல்லாம் அபாரமான புதுமை என்று ஒரு சாராரும், வெறும் ஜிகினா வேலை என்று மற்றொரு சாராரும் நாற்பது ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். இரு சாராருக்கும் கைகாட்ட இந்தக் கம்பெனியிலேயே சரக்கு இருக்கிறது. அதனால் நமக்கு இது நல்ல பாடம்.

1889-ல் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த கடைதான் நிண்டெண்டோ. அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமாவுச்சி 1949-ல் பொறுப்பேற்று 2002 வரை தலைவராக இருந்தார். சீட்டை மட்டும் நம்பினால் போதாது என்று 1960-களில் டாக்சி ஓட்டிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உடனடிச் சோறும் போட்டுப் பார்த்தார். இரண்டும் எடுபடவில்லை. அரிசி வியாபாரம் அவ்வளவு லேசல்ல என்பதில் நமக்கு ஒரு சிறு திருப்தி!

அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர், சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்த குன்பெய் யோகோய். வேலை குறைந்த நேரத்தில் பொழுதுபோக்காக, நீட்டி மடக்கிப் பொருளைப் பிடிக்கும் கை ஒன்று செய்து வைத்திருந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு விளையாட்டுப் பொருளாகப் போடச் சொன்னார். 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்த அது 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

வாடிப்போன சரக்கின் மகிமை

யோகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். எல்லோரும் பழகி, கோளாறு தீர்ந்து, விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுக்க வேண்டும். அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்த வேண்டும். இத்தகைய தொழில்நுட்பத்தை அவர் ‘வாடிப்போனது’ என்றே குறிப்பிட்டார். அரிசி பழசாக ஆகத்தான் சோறு உதிரியாக வரும் என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. அதனால் எல்சிடி திரையும் சிப்பும் மலிந்தன. ரயிலில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்ததைக் கண்ட யோகோய், அதே திரையில் ஒரு விளையாட்டை வைத்து ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சட்டைப்பை பெட்டியை 1980-ல் கொண்டுவந்தார். மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது. இந்த வரிசையில் 1982-ல் வந்த ‘டாங்கி காங்’ பெட்டியில்தான், நான்கு திசைக்கும் ஒரே கட்டைவிரலால் அழுத்தும் கூட்டல் குறி போன்ற பொத்தான் முதலில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் நிமிர்ந்து நிற்கும் குச்சிதான். குச்சியோடு பெட்டி சட்டைப்பையில் போகாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது. இன்றைக்குப் பெயர் பெற்ற எந்தக் கம்பெனியின் விளையாட்டுப் பெட்டியை எடுத்தாலும், கையில் பிடிக்கும் பகுதியில் அந்தப் பொத்தானோ அதன் வேறு வடிவமோ இருக்கும். புதுமை என்று நாம் ஒப்புக்கொள்வது இதைத்தான். அது புதுமை என்பதையே இப்போது எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1989-ல் ‘கேம் பாய்’ வந்தது. கறுப்பு வெள்ளைகூட இல்லை. பாசி பிடித்த மாதிரி பச்சைத் திரை. பின்னால் விளக்கும் கிடையாது. அதே ஆண்டில் அடாரி கம்பெனி வண்ணத் திரையோடு ‘லிங்ஸ்’ போட்டது. அடுத்த ஆண்டு சேகா கம்பெனி, அதுவும் வண்ணத்தில், ‘கேம் கியர்’ போட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை சுமார் 90 டாலர், லிங்ஸ் சுமார் 180 டாலர். கேம் பாயில் நான்கு சின்ன பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கேம் கியரில் ஆறு போட வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேட்டரி விற்கிற கடைக்காரருக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்கலாம். வாங்கிக் கொடுக்கிற தகப்பனாருக்கு இல்லை. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தில் நின்றது. கேம் பாயும் பின்னால் வந்த அதன் வண்ணப் பெட்டியும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன.

கேம் பாயில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைக்கும் வசதி. ஏழு ஆண்டுகள் அதை ஒரு துணை வசதியாக மட்டுமே வைத்திருந்தார்கள். 1996-ல் ‘போகேமான்’ வந்தது. பிடித்த விலங்குகளை நண்பனோடு மாற்றிக்கொண்டால்தான் ஆட்டம் முழுமை பெறும் என்று அதை அமைத்திருந்தார்கள். உடனே அந்தக் கம்பியே பிரதானமாகிவிட்டது, வயதான பெட்டிக்கும் மறுவாழ்வு வந்தது. ஆகவே ஒரு புது யோசனையை ஆறு மாதத்தில் ஜிகினா என்று தள்ளிவிடவும் முடியாது. அதற்கேற்ற சரக்கு பின்னால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுகள் காத்திருக்கக் கம்பெனியால் முடியும். கைமுதல் போட்டுக் கடை நடத்துகிற நம்மால் முடியாது.

அதே யோகோய், அதே கொள்கை. 1995-ல் ‘வர்ச்சுவல் பாய்’. கண்ணாடி மாதிரி பெட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் படம் முப்பரிமாணத்தில் ஆழமாகத் தெரியும். செலவைக் குறைக்க மலிவான சிவப்பு விளக்கு மட்டும் வைத்தார்கள். அதனால் படம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும்தான். தலையில் மாட்ட முடியாது, கால் வைத்த பெட்டியை மேசையில் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும். கழுத்து வலி, கண் வலி, தலைவலி என்று புகார். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அமெரிக்காவில் 180 டாலருக்கு வந்தது, பிறகு விலையைக் குறைத்துக் குறைத்துத் தள்ளினார்கள். மொத்தம் 22 ஆட்டங்களோடு, 8 லட்சத்தைக்கூடத் தொடாமல், ஓராண்டுக்குள் கடையைக் கட்டினார்கள். யோகோய் 1996-ல் கம்பெனியை விட்டு விலகினார். 1997-ல் சாலை விபத்தில் இறந்துபோனார்.

கொள்கை இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். கேம் பாயில் மிச்சம் பிடித்தது வாங்குகிறவருக்குப் போய்ச் சேர்ந்தது: விலை குறைந்தது, பேட்டரி நீடித்தது, பை கொண்டது. வர்ச்சுவல் பாயிலோ ஒரு வித்தையைக் காட்டுவதற்காக மிச்சம் பிடித்தார்கள். அதன் சிரமம் முழுவதும் வாங்கியவர் கழுத்தில் விழுந்தது.

கடைக்காரருக்காக ஒரு பொம்மை

இனி பத்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் ஜிகினா என்பது எப்போதும் வாடிக்கையாளருக்காகப் போடுவது அல்ல. சில நேரம் அது நமக்காகப் போடப்படுகிறது.

1983 வாக்கில் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் தலைகுப்புற விழுந்தது. ஆளாளுக்கு ஆட்டக் கேசட் போட்டு, தரமில்லாத சரக்கு கடைகளில் மலைபோல் குவிந்தது. அடாரி கம்பெனி விற்காத கேசட்டுகளை லாரியில் கொண்டுபோய் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது அவை வெளியே வந்தன. இப்படிச் சூடுபட்ட கடைக்காரர்களிடம் வீடியோ கேம் என்ற சொல்லையே எடுக்க முடியாத காலத்தில்தான், ஜப்பானில் 1983 முதல் நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் பெட்டியை நிண்டெண்டோ 1985-ல் அங்கே கொண்டுபோனது.

பெட்டியோடு ‘ராப்’ என்றொரு சிறிய ரோபோ பொம்மையையும் வைத்தார்கள். டிவித் திரையின் மினுக்கலைப் பார்த்து அது கையைத் தூக்கும், இறக்கும், சக்கரத்தை எடுத்து வைக்கும். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். அதற்கென்று வந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. விளையாட்டாக எடுத்துக்கொண்டால் அசல் ஜிகினா. ஆனால் அது குழந்தைகளுக்காகச் செய்ததல்ல. “இது வீடியோ கேம் இல்லை ஐயா, புது மாதிரி பொம்மை” என்று பொம்மைக் கடைக்காரரிடம் சொல்லி உள்ளே நுழைவதற்கான சீட்டு.

பொம்மையை மட்டும் நம்பிக் கடைக்காரர்கள் சம்மதிக்கவில்லை. கம்பெனியின் அமெரிக்கப் பொறுப்பில் இருந்தவர் மினோரு அராகவா, யமாவுச்சியின் மருமகன். நியூயார்க்கில் முதலில் சோதனையாக இறக்கினார்கள். சரக்கைக் கடனுக்கு வைக்கிறோம், 90 நாள் கழித்து விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், விற்காததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், காட்சிக்கு அடுக்குவதும் எங்கள் ஆட்களே என்று ஒப்புக்கொண்டார்கள். நம் மனத்துக்கு இந்த ஏற்பாடுதான் அந்த ரோபோவைவிடப் பெரிய புதுமை. ஜிகினா போட்டவர்கள் நஷ்டத்தையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள். இப்போதும் நம் கடைக்குப் புதுச் சரக்கு கொண்டு வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “போகாவிட்டால் திரும்ப எடுப்பீர்களா?” என்பதுதான். எடுப்பதாக எழுதிக் கொடுத்தால் பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் நமக்குப் பயமில்லை.

ராப் சீக்கிரமே மறைந்தது. பெட்டி உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் விற்றது. கேசட் வெள்ளம் மறுபடி வரக் கூடாது என்று பூட்டு மாதிரி ஒரு சிப்பை உள்ளே வைத்து, வெளிக் கம்பெனி ஆண்டுக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் போடக் கூடாது என்று கட்டுப்பாடும் விதித்தார்கள். கை ஓங்கிய பின் கம்பெனியின் பேச்சும் மாறியது. தான் சொன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று சில்லறைக் கடைகளை நெருக்கியதாக வழக்கு வந்து, 1991-ல் வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எந்த ஊரானாலும் பெரிய கம்பெனி பெரிய கம்பெனிதான்.

ரிமோட்டும் கொசுறும்

2001-ல் போட்ட ‘கேம் கியூப்’ நல்ல பெட்டி, ஆனால் சோனியின் பெட்டியைப் போலவே இன்னொரு பெட்டி. 2 கோடியே 17 லட்சத்தில் நின்றுவிட்டது. சோனியின் ‘பிளேஸ்டேஷன் 2’ 15 கோடியைத் தாண்டியது. 2002-ல் தலைவரான சத்தோரு இவாட்டா, இந்தப் பந்தயத்தில் ஓடுவதில்லை, விளையாடாதவர்களை விளையாட வைப்போம் என்று முடிவு செய்தார். 2004-ல் இரண்டு திரையும் தொட்டு எழுதும் வசதியும் கொண்ட ‘டிஎஸ்’ வந்தபோது, இரண்டு திரை எதற்கு, ஜிகினா என்றார்கள். மடக்கும் இரண்டு திரைப் பெட்டியை அந்தக் கம்பெனியே 1982-ல் போட்டிருந்ததை மறந்துவிட்டார்கள். மூளைப் பயிற்சிக் கணக்கு, நாய்க்குட்டி வளர்ப்பு என்று நம் வயதுக்காரர்களும் வாங்கும்படி ஆட்டங்கள் வந்தன. 15 கோடியே 40 லட்சம் விற்றது.

2006-ல் ‘வீ’. டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். உள்ளே இருந்த சாமான்கள் போட்டியாளர்களுடையதைவிடப் பழையவை. அதனால் விலை 250 டாலர். அதே மாதம் வந்த சோனியின் பெட்டி 499, 599 டாலர். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற ஆட்டத்தைப் பெட்டியோடு கொசுறாகக் கொடுத்தார்கள். கொசுறுக்காகவே சரக்கை வாங்கிய வேடிக்கை அங்கே நடந்தது. முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டி வைத்தார்கள். ரிமோட் கைநழுவி டிவியில் பாய்ந்த கதைகளும் உண்டு; வந்த மறு மாதமே 32 லட்சம் கைப்பட்டைகளைக் கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. 10 கோடியே 16 லட்சம் பெட்டி விற்றது.

இது புதுமையா, ஜிகினாவா? பாதிப் பாதி என்பது நம் தீர்ப்பு. கொசுறு ஆட்டத்தோடு திருப்தியாகி, அடுத்த கேசட் வாங்காமல் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்த வீடுகள் அநேகம். கூட்டம் கலைந்ததும் விற்பனை சரிந்து, 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் கம்பெனி நஷ்டக் கணக்கு காட்டியது. ஆனால் கையின் அசைவை உணரும் சிப் மட்டும் போகவில்லை. குறி பார்ப்பதற்கு அதைப் பழகிக்கொண்டவர்கள் இன்றும் அது இல்லாமல் ஆடுவதில்லை.

காப்பியடித்தவர் கதையையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2010-ல் உடம்பின் அசைவைக் கேமராவால் பார்க்கும் ‘கினெக்ட்’டைக் கொண்டுவந்து, 60 நாளில் 80 லட்சம் விற்றது. அந்தத் தைரியத்தில் 2013-ல் ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்’ பெட்டியோடு அதைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் என்றார்கள். சோனி 399 என்றது. ஓடுகிற சரக்கு வேண்டுமென்றால் ஓடாததையும் சேர்த்து எடு என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. மறு ஆண்டே கினெக்டைக் கழற்றிவிட்டு 399-க்கு இறங்கினார்கள். 2017-ல் உற்பத்தியே நின்றது.

நிண்டெண்டோவும் அதே தவற்றைச் செய்யாமல் இல்லை. 2012-ல் வந்த ‘வீ யு’வில் எல்லோர் தலையிலும் திரை வைத்த பெரிய பலகை ஒன்றைக் கட்டினார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று அவர்களுடைய ஆட்டங்களே சரியாகச் சொல்லவில்லை. பெயரும் குழப்பம், பழைய வீ-க்கு உதிரிச் சாமான் என்று நினைத்தவர்கள் பலர். 1 கோடியே 35 லட்சத்தோடு முடிந்தது.

எடுத்துப் பார்த்தால் தெரியும்

நமக்குப் பிடித்த உதாரணம் ‘3டிஎஸ்’. கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் தெரியும் கைப்பெட்டி. 2011-ல் 250 டாலருக்கு வந்தது. நகரவில்லை. ஆகஸ்ட் மாதத்திலேயே 170 டாலராக்கினார்கள். இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்னால் வாங்கியவர்கள் ஏமாந்துபோகக் கூடாது என்று 20 பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். விலை இறங்கும்போது முன்னமே வாங்கியவரை நினைக்கிற கம்பெனி அபூர்வம். 2013-ல் ‘2டிஎஸ்’ என்று ஒரு பெட்டி போட்டார்கள். முப்பரிமாணமே இல்லை, விலை 130 டாலர். ஆட்டங்கள் எல்லாம் அப்படியே ஓடின. யாரும் குறை சொல்லவில்லை. எதைப் பேராக வைத்து விளம்பரம் செய்தார்களோ, அதை எடுத்துவிட்ட பிறகும் சரக்கு விற்றது. கூட்டல் குறிப் பொத்தானை இப்படி எடுத்துவிட்டு விற்றுப் பார்க்க முடியாது.

2017-ல் வந்த ‘சுவிட்ச்’ டிவியிலும் ஆடலாம், கழற்றிக் கையிலும் எடுத்துக்கொண்டு போகலாம். இதையும் சிலர் ஜிகினா என்றார்கள். 15 கோடிக்கு மேல் விற்று, இன்று அதே மாதிரிப் பெட்டிகளை மற்றக் கம்பெனிகளும் போடுகின்றன. ஆனால் அதே பெட்டியின் வலது கைப்பிடியில் அகச்சிவப்புக் கேமரா ஒன்றும் இருந்தது. அதைப் பயன்படுத்திய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2018-ல் அட்டையை மடித்துப் பியானோவும் தூண்டிலும் செய்யும் ‘லேபோ’ வந்தது. 70 டாலருக்கு அட்டை விற்ற சாமர்த்தியத்தை மெச்சலாம், அதைத் தொடர்ந்து வாங்கியவர்கள் இல்லை.

2025 ஜூன் 5-ல் ‘சுவிட்ச் 2’ வந்தது. விலை 450 டாலர், நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. இந்த முறை பெரிய வித்தை எதுவும் இல்லை; பழைய பெட்டியேதான், வேகமும் திரையும் கூடியிருக்கின்றன. கைப்பிடியில் இருந்த அந்தக் கேமராவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, கைப்பிடியைச் சாய்த்து மேசையில் தேய்த்தால் கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி வேலை செய்யும் வசதியை வைத்திருக்கிறார்கள். அதற்கென்று எத்தனை ஆட்டம் வருகிறது என்பதைத்தான் நாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.